சடை நாயும் சித்திரை வெயிலும்

வீட்டில் புதிதாக ஒரு நாய் வளர்க்க வேண்டும் என்ற யோசனை எழும்போது, அதற்கு ஆதாரமாக இருப்பவை பெரும்பாலும் குழந்தைகளின் பிடிவாதமும் கைபேசியில் வந்த ஒரு படமுமே. அந்தப் படத்தில் காணப்படுவது குட்டை ரோமமும் கூரிய முகமும் கொண்ட கோம்பை நாயோ சிப்பிப்பாறை நாயோ அன்று, பஞ்சுப் பொதிக்குக் கண்ணும் மூக்கும் வைத்தாற்போன்ற ஒரு சடை நாய்க்குட்டி. வீட்டுக்குக் காவல் என்று தகப்பனார் சொல்லும் நியாயமும், ஒற்றைப் பிள்ளைக்குத் துணை என்று தாயார் சொல்லும் நியாயமும் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறவை. தீர்மானத்தை அதற்கு முன்பே கண் செய்து முடித்துவிடுகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உருண்டு திரண்ட நெற்றி, முகத்துக்கு மிஞ்சிய கண்கள், சிறுத்த மூக்கு, கொழுத்த கன்னம் என்று மனிதக் குழந்தைக்குரிய லட்சணங்களை எந்தப் பிராணியிடம் கண்டாலும் நம் உள்ளத்தில் வாத்சல்யம் தானாகவே சுரக்கிறது என்பதை ஆஸ்திரிய தேசத்துப் பிராணி சாஸ்திர நிபுணர் கோன்ராட் லாரன்ஸ் 1943இலேயே எடுத்துக் காட்டினார். சடை நாய்க்குட்டிகளிடம் இந்த லட்சணங்கள் அனைத்தும் ஒருங்கே அமைந்திருப்பதோடு, கையை வைத்தால் அமுங்கும் ரோமமும் சேர்ந்துகொள்வதால், எதிரே நிற்கும் மனிதரின் விவேகம் தற்காலிகமாக விடுமுறை எடுத்துக்கொள்கிறது. நாய் வாங்குவதற்கு விவேகத்தைத் தவிர வேறு எல்லாவற்றையும் உபயோகிக்கிறோம் என்பதுதான் என்னுடைய ஒரே ஆட்சேபம். புசுபுசுவென்ற நாயை விரும்பி வாங்குகிறவர் முக்கியமாக வாங்குவது ரோமத்தை. அந்த ரோமம் ஏதோ ஒரு தேசத்துச் சீதோஷ்ணத்துக்காக ஏற்பட்டது. அது இங்கே வந்தபின் அதைப் பராமரிப்பதற்கு ஒருவருடைய கையும் நேரமும் நித்தியம் செலவாக வேண்டும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த ஜாதி நாய் நமக்கு ஏற்றது என்ற கேள்வியில் பாதிக்குமேல் தீர்ந்துபோகும்.

நாயின் ரோம விசித்திரங்களுக்குள்ள காரணம் ஆச்சரியப்படும்படி எளிமையானது. 2009இல் ‘சயன்ஸ்’ என்ற சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 80 ஜாதிகளைச் சேர்ந்த ஆயிரம் நாய்களுக்குமேல் பரிசோதித்தவர்கள், ரோமத்தில் நாம் காணும் பேதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே மரபணுக்கள்தாம் காரணம் என்று கண்டார்கள்: ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, மற்றொன்று மீசை தாடிக்கு. ஆனால் ஒரு நாய் குளிரைத் தாங்குவது நீளத்தால் மட்டுமன்று. பொமரேனியன், ஹஸ்கி, சமோயெட், சௌ சௌ முதலிய ஜாதிகளுக்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே விறைப்பான நீண்ட ரோமமும், அதற்கடியில் தோலை ஒட்டி நெருக்கமாக வளர்ந்த மிருதுவான ரோமமுமாக அமைந்து, இரண்டுக்கும் இடையே காற்று தங்கி, உடம்பின் சூட்டை வெளியே போகாமல் காக்கிறது.

நம்மைப்போல் நாய்க்குத் தேகமெங்கும் வேர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் சிறிது வேர்க்கும். மற்றபடி உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள அதற்கு உள்ள பிரதான உபாயம், வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, நாக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குவதுதான். அதன் இயல்பான உடல் உஷ்ணம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்; கத்திரியில் நம் ஊர்க் காற்றோ 104 டிகிரியைச் சாதாரணமாக எட்டுகிறது. காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் அந்த நாட்களில், ஆவியாதல் ஒன்றே கதி; சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கடற்காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்து வருவதால் அந்த ஒரு வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. மதுரையின் வறண்ட வெயிலைவிடச் சென்னையின் புழுக்கம் சடை நாயை அதிகமாக வாட்டுவதற்கு இதுவே ஹேது.

நம் முன்னோர்கள் விஞ்ஞான சஞ்சிகை படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இந்த மண்ணில் பேணி வளர்க்கப்பட்ட ஜாதிகளில் ஒன்றுக்காவது சடை இல்லை. 2005இல் இந்தியத் தபால் இலாகா நம் தேசத்து நாய்களில் நான்குக்கு முத்திரை வெளியிட்டது; ராஜபாளையம், முதோல், ராம்பூர் ஆகிய மூன்றும் மழமழவென்றிருக்க, சடையோடு காட்சியளித்தது இமயமலை ஆட்டு நாய் ஒன்றுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் சைபீரியன் ஹஸ்கி வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். நீலக்கண் அழகை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது சுக்சி ஜனங்கள் சறுக்கு வண்டி இழுப்பதற்காக வளர்த்த நாய். 1925ஆம் வருஷம் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஏறத்தாழ 150 நாய்களும் 20 வண்டிக்காரர்களும் ஒருவர் மாற்றி ஒருவராக, 1,085 கிலோமீட்டர் தூரத்தை உறைபனியில் ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். அவ்வழியில் ஓடிய நாய்களில் ஒன்றான பால்டோவுக்கு அதே வருஷம் நியூயார்க்கில் சிலையும் வைத்தார்கள். அந்த வம்சத்தில் பிறந்த ஜீவனை மேடவாக்கத்தில் இரண்டு அறை ஃபிளாட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு எதிரே நாளெல்லாம் உட்கார்த்தி வைப்பது, குளிரை மட்டும் கொடுத்து ஓட்டத்தைப் பறிப்பதாகும். ஓட்டம் இல்லாத ஹஸ்கி சோபாவைக் கிழிக்கும், கதவைப் பிறாண்டும், நடுநிசியில் ஊளையிடும். தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவையென்றும் உடல் உபாதைகள் மிகுந்தவையென்றும் 11 அயல்நாட்டு ஜாதிகளைக் குறித்திருந்தார்கள். அவற்றில் ஹஸ்கி, மாலமியூட், செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, நியூஃபவுண்ட்லாண்ட், கீஸ்ஹாண்ட், நார்வேஜியன் எல்க்ஹவுண்ட், திபெத்திய மாஸ்டிஃப் என எட்டு சடை நாய்கள். நாய் வளர்ப்பு வியாபாரிகளிடமிருந்து எதிர்ப்பும் உடனே கிளம்பிற்று. அரசாங்கத்தின் கொள்கை எப்படியிருந்தாலும், இந்த எட்டும் என் பட்டியலில் இல்லை.

வெயிலுக்கு ஒரு பரிகாரம் என்று பலர் செய்வது முடியை ஒட்ட வெட்டிவிடுவது. ஒரு கால்நடை ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் நான் கேட்ட சம்பாஷணை இது. மேஜைமேல் நின்றிருந்த நாயைத் திருப்பிப் பார்த்த டாக்டர், “எதுக்குங்க ஐயா மொட்டை போட்டீங்க?” என்றார். “வெயிலுக்குத்தான் டாக்டர். பாக்கவே பாவமா இருந்துச்சு,” என்றார் பெரியவர். “மொட்டை போட்டதுதாங்க பாவம். இப்ப வெயில் நேரா தோலுல அடிக்குது பாருங்க.” இரட்டை அடுக்கு ரோமமுள்ள ஜாதிகளில் ஒட்ட வெட்டிய முடி சில சமயம் மாதக்கணக்கில் வளராது, வளர்ந்தாலும் மென்ரோமம் முந்திக்கொண்டு மேல்ரோமம் பின்தங்கி, திட்டுத்திட்டாக நிற்கும். அடி ரோமத்தைச் சீப்பால் அடிக்கடி எடுத்து, காற்று புக வழி செய்வதே சரியான முறை. ஓயாமல் வளரும் முடியுள்ள ஷிட்ஸுவுக்கும் பூடிலுக்கும் இந்த விதி பொருந்தாது. அவற்றுக்கு ஓர் அங்குலம் விட்டுக் கத்தரிப்பது க்ஷேமமே.

இனி நம் வீடுகளுக்குப் பொருந்துகிறவற்றைப் பார்ப்போம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தெருக்களில் இரண்டு தலைமுறையாகப் பொமரேனியன் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டு வரும் அந்த வெள்ளை நாய், ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வந்து பல சந்ததிகளாக நம் உஷ்ணத்துக்குப் பழகிப்போன இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற ஜாதி. சடை நாய்தான் வேண்டும் என்கிற நடுத்தரக் குடும்பத்துக்கு அதைவிட உசிதமானது வேறில்லை. சிறிய ரகம் 5 முதல் 7 கிலோ எடை. பெரியது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ என்ற ஹிந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் கதாநாயகனுக்குச் சமமாகப் புகழ் பெற்றது இந்த ஜாதிதான். அது எட்டிய கியாதி அதற்குக் கெடுதலாகவும் முடிந்தது. பின்னால் லாப்ரடாரும் பக்கும் நாகரிகமானபோது, வீட்டுக்கு வீடு இருந்த நாய் எடுபடாத சரக்காகிவிட்டது.

மெய்யான பொமரேனியன் வேறு. பால்டிக் கடற்கரையிலுள்ள பொமரேனியாப் பிரதேசத்தின் பெயரைத் தாங்கி இங்கிலாந்துக்கு வந்தபோது அதுவும் பெரிய நாயாகத்தான் இருந்தது. விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்திலிருந்து மார்க்கோ என்ற சிறிய நாயைக் கொண்டுவந்து பிரியமாக வளர்க்கப்போய், சிறியதே சிலாக்கியம் என்ற ருசி தேசமெங்கும் பரவிற்று. இன்றைய பொமரேனியனுக்கு நிர்ணயிக்கப்பட்ட எடை மூன்று கிலோ சுமார்தான். மகாராணி 1901இல் மரணப்படுக்கையில் கிடந்தபோது டூரி என்ற பொமரேனியனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். அரண்மனையில் சேவகர் பலர் இருந்தார்கள். நம் வீட்டில் மூன்று கிலோ நாயைச் சோபாவிலிருந்து குதிக்காமல் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? சில்லு விலகும் முழங்கால், தளர்ந்து போகும் மூச்சுக்குழல், நெருக்கியடித்து முளைத்துச் சீக்கிரம் கெடும் பற்கள் ஆகியவை இந்தக் குறுகிய தேகத்துக்கு வந்த பரம்பரைத் தொல்லைகள். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டையே இதற்கு நல்லது. இன்னொரு சங்கதி: நான்கு மாதம் முதல் ஆறேழு மாதம் வரையில் குட்டிச் சடை உதிர்ந்து, பெரிய சடை முளைக்காத இடைக்காலத்தில் இந்த நாய் பார்க்கச் சகிக்காது. வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று எண்ணி வீட்டார் சண்டைக்குப் போவது அப்போதுதான். அது வியாதியன்று, பொறுத்திருந்தால் மீண்டும் சடை வரும்.

ஸ்பிட்ஸுக்கும் பொமரேனியனுக்கும் பொதுவான குற்றம் குரைப்பு. தபால்காரர், மாடிப்படியில் காலடி, எதிர்வீட்டுக் குக்கர் விசில் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. தனி வீட்டில் காவலாகத் தோன்றும் இந்தக் குணம் அடுக்குமாடியில் சங்கத் தலைவருக்கு மனுவாகப் போய்ச் சேரும்.

குரைப்பைச் சகிக்காதவர்கள் ஷிட்ஸுவைத் தேடுகிறார்கள். சாது, மனிதர் மடியே அதற்கு உலகம், ஓடியாட வேண்டிய அவசியமும் குறைவு. உலகத்தில் இன்றுள்ள ஷிட்ஸுக்கள் யாவும் 14 நாய்களின் சந்ததி என்று அந்த ஜாதியின் வம்சாவளி கூறுகிறது. அதன் உறவான லாசா அப்ஸோ திபெத்திய மடாலயங்களில் உட்காவலுக்கு இருந்த நாய். உருவத்தில் சிறியதே ஆனாலும் அந்நியரை நம்பாத அந்தப் பழைய உத்தியோகப் புத்தி இன்றும் போகவில்லை. ஷிட்ஸுவின் மூக்கு தட்டையாக இருப்பதால் இரைத்து உஷ்ணத்தைத் தணிக்கும் சக்தி அதற்குக் குறைவு. கண்குழி ஆழமில்லாததால் கண் முன்தள்ளி நிற்கும்; ஒரு முடியிழை உராய்ந்தாலும் புண்ணாகிவிடும்.

ஆனால் ஷிட்ஸு வீட்டுக்கு வந்தபின் பிரதான காரியம் தலைவாருவதுதான். இதை எத்தனை பேர் சரியாகச் செய்கிறார்கள்? முதுகின்மேல் பிரஷை இழுத்தால் பளபளவென்று வரும். வாரிவிட்டோம் என்ற திருப்தியும் வரும். சிக்கு விழுவது அங்கே அன்று. காதுக்குப் பின்னால், முன்னங்காலின் கக்கத்தில், தொடைச்சந்தில், கழுத்துப் பட்டை உராயும் இடத்தில் விரல்விட்டுத் தடவினால் தோலை ஒட்டிச் சிறு கட்டிபோல் தட்டுப்படும். இடதுகை இரண்டு விரலால் அதன் வேரைப் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல், நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சீப்பின் கோடிப் பல்லால் பிரித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். ரோமத்தை வகிடெடுத்து வகிடெடுத்து, தோல் தெரியும்படி வரிவரியாக வாருவதுதான் முறை. சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் நனைந்த சிக்கு இறுகிப்போய்க் கத்தரிக்கோலைத் தவிர வேறு கதியில்லாமல் போகும். குளிப்பாட்டிய பின் அடி ரோமம் வரையில் உலர்த்தாமல் விட்டாலோ, கடற்கரை ஊர்களில் அந்த ஈரம் அப்படியே தங்கித் தோலில் புண்ணும் பூஞ்சையும் கிளம்பும். முழுச் சடை வைத்திருக்கும் நாய்க்கு இந்தக் காரியம் தினமும் உண்டு. சடையைக் குட்டையாகக் கத்தரித்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். குழந்தைகளுள்ள வீட்டில் அதுதான் புத்திசாலித்தனம்.

சடைக்குள் இன்னொரு குடித்தனமும் நடக்கும்: உண்ணி. விரலிடுக்கு, காது மடலின் உட்புறம், பட்டையின் அடி ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். குட்டை ரோம நாயில் கண்ணுக்குத் தெரிவது சடை நாயில் கைக்குத்தான் தெரியும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு வீட்டைச் சுத்தம் செய்யாதிருப்பது வீண் பிரயத்தனம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோறு தின்னாமல் சுருண்டு படுக்கும். சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வடியும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பெரிய வீடும், காலை மாலை இரண்டு வேளையும் நடக்கிற மனிதரும் இருந்தால் கோல்டன் ரிட்ரீவரைப் பற்றி யோசிக்கலாம். குழந்தைகளிடம் இவ்வளவு பொறுமை காட்டும் ஜாதிகள் சிலவே. ரஷ்யாவிலிருந்து வந்த சர்க்கஸ் நாய்களின் சந்ததி என்று இதைப் பற்றி நெடுங்காலம் ஒரு கட்டுக்கதை வழங்கி வந்தது. ஸ்காட்லாந்தில் கிஸ்ஸகன் என்ற எஸ்டேட்டில் ட்வீட்மவுத் பிரபு தம் கைப்பட எழுதிவைத்த இனப்பெருக்கக் குறிப்பேடு 1952இல் வெளியான பிறகே, 1868இல் நவ்ஸ் என்ற மஞ்சள் ரிட்ரீவருக்கும் பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பானியலுக்கும் பிறந்த நான்கு குட்டிகள்தாம் இதன் மூலபுருஷர்கள் என்பது ஊர்ஜிதமாயிற்று. சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவையைத் தண்ணீரில் பாய்ந்து கவ்விவரப் பிறந்த நாய் ஆகையால், தெருவில் மழைநீர் தேங்கியிருந்தால் உங்கள் கோல்டன் அதைச் சுற்றிக்கொண்டு போகாது. முப்பது கிலோ எடைக்கு வளரும். முடியை வருஷம் முழுவதும் உதிர்க்கும், அது சாம்பாரிலும் மிதக்கும். தாய் தந்தையின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஜாதியில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது. கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போகிற வீட்டுக்கு இது வேண்டாம். தனிமை இதற்கு ஆகாது.

ஆஸ்துமாவுள்ள குழந்தை இருக்கிறது, ஆகவே முடி கொட்டாத நாய் என்று விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் நாயின் எச்சிலிலும் தோல் பொடியிலும் இருக்கிறது. முடி அதைச் சுமக்கிறது, அவ்வளவே. 1989இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர், ஹவாயிலிருந்த கண் தெரியாத ஒரு பெண்மணிக்குத் தேவைப்பட்ட வழிகாட்டி நாய் அவருடைய கணவருக்கு ஒவ்வாமை தராததாக இருக்க வேண்டும் என்பதற்காக லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து மூன்று குட்டிகள் பிறக்கச் செய்தார். ஒரே ஈற்றில் பிறந்த அந்த மூன்றில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. தம் கைங்கரியத்தால் உலகெங்கும் கலப்பின வியாபாரம் தலைவிரித்தாடியது கண்டு அவரே பிற்காலத்தில் வருந்தினார். குழந்தையைக் குறிப்பிட்ட அந்த நாயோடு பல நாள் பழகவிட்டுப் பார்ப்பதே பரீட்சை.

வாங்குமிடத்தைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன். 2017இல் மத்திய அரசு வகுத்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது; வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டவராக இருக்க வேண்டும்; ஒரு பெட்டை நாய் ஆயுளில் ஐந்து ஈற்றுக்குமேல் ஈனும்படி செய்யக்கூடாது. ஆனால் சந்தையிலும் கைபேசி விளம்பரத்திலும் ஐந்து வாரக் குட்டி தாராளமாகக் கிடைக்கிறது. சின்னக் குட்டி என்றால் அழகு அதிகம், விலையும் அதிகம். தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள். தாயின் குணமும் சடையும் மூச்சும்தான் குட்டியின் ஜாதகம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுப் பத்திரம் வம்சத்துக்குச் சாட்சி, ஆரோக்கியத்துக்குச் சாட்சியன்று. குட்டியைக் கையில் எடுத்தவுடன் முகத்தைப் பார்த்து மயங்காமல் வாலைத் தூக்கிப் பாருங்கள்: பின்புறச் சடை அழுக்கேறி ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு. ஈறு ரோஜா நிறமாயிருக்க வேண்டும். பார்வோ தடுப்பூசி ஒன்று போட்டாகிவிட்டது என்று வியாபாரி சொன்னாலும், பதினாறு வார வயது வரையில் தொடர்ந்து போட்டு முடித்தாலன்றி முழுப் பாதுகாப்பு இல்லை. அதுவரையில் தெருவில் இறக்கிவிட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், யார் சீப்பு பிடிப்பது என்பதை வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் சத்தியம் செய்வார்கள். பரீட்சைக் காலம் வந்தால் சத்தியம் மறந்துபோகும். கடைசியில் அந்தக் காரியம் தாயார் தலையிலோ பாட்டி தலையிலோ விழும். அவர்களுடைய சம்மதத்தை முதலில் கேட்பதுதான் நியாயம்.

இந்தப் பேச்சு ஒழுங்காக நடக்காத வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட சடை நாய்கள், 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் முதலிய காப்பகங்களுக்கு வந்து சேருகின்றன. உத்தியோக மாற்றம், புதுக் குழந்தை, குடியிருப்புச் சங்கத்தின் ஆட்சேபம் என்று காரணங்கள் பல. இரண்டு மூன்று வயதான அத்தகைய நாயை எடுத்துக்கொள்வதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது: எவ்வளவு வளரும், எவ்வளவு குரைக்கும், சடை எப்படி வரும் என்பவை யாவும் கண்ணெதிரே தெரிந்துவிடுகின்றன. முதல் சில வாரங்கள் கட்டிலுக்கடியில் பதுங்கும். சோற்றைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கும். அவசரப்படுத்தாமல் விட்டால் தானே வெளியே வரும். போகும்போது ஒரு சீப்பைக் கையோடு கொண்டுபோய், அங்கே இருக்கிறவரின் அனுமதியோடு காதுக்குப் பின்னால் மெதுவாக நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சலித்துக்கொள்ளும் நாயை வளர்த்துவிடலாம். பல்லைக் காட்டும் நாயை, சடை நாய் வளர்த்துத் தழும்பேறிய கைகளுக்கு விட்டுவிடுங்கள்.